குண்டு விழவில்லை, அரிசி மறைந்தது!

யுத்தம் என்ற சொல்லைக் கேட்டதுமே பலருக்கு வயிற்றில் புளி கரைகிறது. சண்டை எங்கோ எல்லையில் நடக்கும். ஆனால் அச்சம் மட்டும் எந்த வண்டியும் ஏறாமல், ஊர் ஊராக வந்து ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கொள்ளும்.

2025-ம் ஆண்டு மே மாதத்தில் அப்படித்தான் நடந்தது.

காஷ்மீரில் உள்ள பஹல்காமில் ஏப்ரல் 22-ந் தேதி பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7-ந் தேதி, பாகிஸ்தானில் இருந்த பயங்கரவாத முகாம்களை இந்தியப் படைகள் தாக்கின. அதே நாளில் நாட்டின் பல இடங்களில் போர்க்கால ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் சென்னையிலும் கல்பாக்கத்திலும் ஒத்திகை நடத்தினார்கள்.

உடனே வதந்திகள் கிளம்பிவிட்டன. "ஏ.டி.எம்.களை இரண்டு மூன்று நாள் மூடப் போகிறார்கள்" என்று செல்போனில் செய்தி பறந்தது. "பெட்ரோல் கிடைக்காது" என்று இன்னொரு செய்தி. வட மாநிலங்களில் சில ஊர்களில் பெட்ரோல் பங்குகளில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

ஏ.டி.எம். பற்றிய செய்தி பொய் என்று அரசாங்கம் அறிவித்தது. "போதுமான இருப்பு இருக்கிறது, அவசரப்பட்டு வாங்க வேண்டாம்" என்று இந்தியன் ஆயில் நிறுவனம் சொன்னது. மே 10-ந் தேதி சண்டை நின்றது. பீதியும் அடங்கியது.

நான்கு நாளில் முடிந்த கதை இது. ஆனால் தமிழ்நாடு இதைவிடப் பெரிய பீதியைப் பார்த்திருக்கிறது. ஒரு பெரிய நகரமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய கதை அது. ஆண்டு 1942.

அப்போது ஜனங்கள் எதைக் கண்டு பயந்தார்கள்? உண்மையில் வந்த ஆபத்து எது? இரண்டும் ஒன்றல்ல! அதைத் தெரிந்துகொள்ள, கடற்கரையை மட்டும் பார்த்தால் போதாது. கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் திருச்செங்கோடு போன்ற ஊர்களையும் பார்க்க வேண்டும்.

எம்டன் போட்ட பயம்

சென்னைக்கு யுத்த பயம் புதிது அல்ல. முதல் உலக யுத்தம் 1914-ம் ஆண்டு தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு, "எம்டன்" என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு அருகே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. சிலர் உயிர் இழந்தார்கள். வந்த வேகத்திலேயே கப்பல் இருளில் மறைந்துவிட்டது.

மறுநாள் நகரத்தில் ஒரே ஓட்டம்! கப்பல் மறுபடியும் வரும் என்று நினைத்து ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். எம்டன் திரும்பி வரவில்லை. நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று அதை அடித்து நொறுக்கியது.

கப்பல் போனாலும் பெயர் போகவில்லை. எதற்கும் துணிந்த ஆசாமியை "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லும் பழக்கம் தமிழில் நிலைத்துவிட்டது.

வெள்ளி ரூபாய்க்கு அலைச்சல்

இரண்டாவது உலக யுத்தம் 1939-ம் ஆண்டு செப்டம்பரில் மூண்டது. இந்திய ஜனங்களையோ தலைவர்களையோ ஒரு வார்த்தை கேட்காமல், இந்தியாவும் யுத்தத்தில் சேர்ந்துவிட்டதாக வைஸ்ராய் அறிவித்தார். அதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜினாமா செய்தன. சென்னை மாகாணத்தில் அப்போது ராஜாஜி தலைமையில் இருந்த மந்திரி சபையும் அக்டோபர் மாதம் விலகியது. பிறகு கவர்னரின் ஆட்சிதான்.

முதலில் யுத்தம் ஐரோப்பாவில்தான் நடந்தது. அப்படியும் இங்கே ஒரு பீதி வந்தது. அது பணத்தைப் பற்றிய பீதி.

1940-ம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்ஸ் வீழ்ந்தது. "அடுத்து இங்கிலாந்தும் விழுந்துவிடும். அப்புறம் ராஜா தலை போட்ட நோட்டு வெறும் காகிதம்தான்" என்ற எண்ணம் பரவியது. தபால் ஆபீசில் போட்டு வைத்த சேமிப்பை ஜனங்கள் திருப்பி எடுத்தார்கள். நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் வாங்கினார்கள். வாங்கிய வெள்ளி பெட்டியின் அடியிலும் மண்ணுக்குள்ளும் போய்விட்டது.

சர்க்கார் விழித்துக்கொண்டது. தேவைக்கு மேல் நாணயம் சேர்த்து வைப்பது குற்றம் என்று அந்த ஜூன் மாதமே உத்தரவு போட்டது. ஜூலையில் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. ரூபாய் நாணயத்தில் இருந்த வெள்ளியின் அளவும் குறைக்கப்பட்டது. பிறகு 1943-ல், செம்பை மிச்சம் பிடிப்பதற்காக, நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது.

நோட்டு வெறும் காகிதம் ஆகவில்லை. ஆனால் நோட்டின் மதிப்பு இறங்கியது. யுத்தச் செலவுக்காக நோட்டுகள் மேலும் மேலும் அச்சடிக்கப்பட்டன. 1943-ல் பொருள்களின் விலை, யுத்தத்துக்கு முன் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறிவிட்டது.

ஆகவே, ஜனங்களின் பயம் பாதி சரி, பாதி தப்பு. வெள்ளி வாங்கிப் புதைக்க வசதி உள்ளவர்கள் தப்பித்தார்கள். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பத்துக்குப் புதைக்க என்ன இருந்தது? விலை ஏற்றம் முழுவதும் அவர்கள் தலையில்தான் விழுந்தது.

ரங்கூனில் இருந்து வந்த செய்தி

1941-ம் ஆண்டு டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. அதன் பிறகு நிலைமை தலைகீழாக மாறியது.

டிசம்பர் 23-ந் தேதி ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் உள்பட ஏராளமானவர்கள் செத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்த இந்தியக் கூலிகள் நகரத்தை விட்டு ஓடினார்கள். 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-ந் தேதி ரங்கூன் வீழ்ந்தது. மார்ச் 23-ந் தேதி அந்தமான் தீவில் ஜப்பானியர் இறங்கினார்கள்.

பர்மாவில் லட்சக்கணக்கான இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தே வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர்.

உயிர் தப்பி ஊர் வந்தவர்கள் இரண்டு செய்திகளைக் கொண்டு வந்தார்கள். ஒன்று: விமானத்தில் இருந்து குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பது. இரண்டாவது: ஆபத்து வந்ததும் வெள்ளைக்காரர்கள் தங்களை முதலில் காப்பாற்றிக்கொண்டார்கள், இந்தியர்களை அம்போ என்று விட்டார்கள் என்பது.

இந்த இரண்டாவது செய்திதான் பெரிய வேலை செய்தது. "நாளைக்கு இங்கேயும் இதே கதைதான்" என்று ஜனங்கள் நினைத்தார்கள். சென்னைக்காரர்கள் கோழைகள் என்று சொல்லிவிட முடியாது. கண்ணால் பார்த்து வந்தவர்கள் சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான்.

காலியானது சென்னை

1942 ஏப்ரல் 5-ந் தேதி. அது ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பு மீது குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ந் தேதி திரிகோணமலை தாக்கப்பட்டது. அந்தச் சில நாள்களில் வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை ஜப்பானியர் மூழ்கடித்தார்கள்.

"ஜப்பானியப் படை சென்னையை நோக்கி வருகிறது" என்ற எச்சரிக்கை சர்க்காருக்குக் கிடைத்தது. உடனே, "நகரத்தில் வேலை இல்லாதவர்கள் வெளியேறுவது நல்லது" என்று அறிவிப்பு வந்தது. சர்க்கார் ஆபீசுகள் பலவும் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன.

ஆபீசே கிளம்பிய பிறகு ஜனங்கள் நிற்பார்களா?

எழும்பூரிலும் சென்ட்ரலிலும் மனித வெள்ளம். ரயிலில் இடம் பிடிக்க முண்டியடித்தார்கள். ரயில் கிடைக்காதவர்கள் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் கிளம்பினார்கள். சேலம், கோவை, திருச்சி, தஞ்சாவூர் என்று, யாருக்கு எங்கே உறவு இருந்ததோ அங்கே போனார்கள். வீட்டு வாடகை விழுந்தது. காலி வீட்டுக்குக் குடிவர ஆள் இல்லை. கிடைத்த விலைக்கு வீட்டை விற்றவர்களும் உண்டு.

மிருகக்காட்சி சாலையில் நடந்ததுதான் கொடுமை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே என்று பயந்தார்கள். மலபார் போலீஸ் படையைக் கொண்டு அந்த மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். எந்தக் குண்டும் விழுவதற்கு முன்பே அவை செத்தன!

நகரத்தில் ஏ.ஆர்.பி. தொண்டர்கள் இருந்தார்கள். பதுங்கு குழிகள் வெட்டியிருந்தார்கள். விளக்குகளை மறைத்து இருட்டடிப்பு செய்தார்கள். அபாயச் சங்கு ஊதிப் பழக்கினார்கள். ஆனால் நம்பிக்கை என்ற ஒன்று இல்லாத இடத்தில் இவை எதுவும் பயன்படவில்லை.

எல்லாரும் ஓடிவிட்டார்களா? இல்லை. குப்பை அள்ளியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், துறைமுகக் கூலிகள் போன்றவர்களில் பலர் அங்கேயே இருந்தார்கள். தைரியம் இருந்ததால் மட்டும் அல்ல. போக இடமும் இல்லை, வண்டிச் சத்தத்துக்குக் காசும் இல்லை.

வராத படை

ஜப்பானியப் படை வந்ததா? வரவே இல்லை!

கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கிய ஜப்பானியக் கப்பல்கள் கிழக்கே திரும்பிப் போய்விட்டன. ஜூன் மாதம் பசிபிக் கடலில் மிட்வே தீவுக்கு அருகே அமெரிக்கர்களிடம் அவை பலத்த அடி வாங்கின. சென்னையை விட்டுப் போனவர்கள் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள்.

குண்டு விழுந்தது அதற்கு வெகு நாள் கழித்துத்தான். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் இரவில் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. சேதம் சொற்பம். அப்போது ஊரே காலியாகவில்லை. பயந்து ஓடியபோது குண்டு வரவில்லை. குண்டு வந்தபோது ஜனங்கள் ஓடவில்லை. பயத்தின் கணக்கு அப்படி!

புதுப்பாளையத்தில் இருந்து ஒரு யோசனை

இந்த நேரத்தில் ஒரு தலைவர் வேறு விதமாக யோசித்தார். அவர்தான் ராஜாஜி.

திருச்செங்கோட்டுக்கும் அவருக்கும் உள்ள உறவு பழையது. 1925-ம் ஆண்டு திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியவர் அவர். கதர் நூற்பு, மதுவிலக்குப் பிரசாரம், தீண்டாமை ஒழிப்பு ஆகிய வேலைகள் அங்கே நடந்தன. மதுவிலக்குக்காக அங்கிருந்து வெளிவந்த "விமோசனம்" பத்திரிகையில் ராஜாஜியுடன் சேர்ந்து பணியாற்றியவர், எழுத்தாளர் கல்கி.

கிராமத்து ஏழை ஜனங்களோடு பழகிய ராஜாஜி, 1942 ஏப்ரலில் ஒரு வாதத்தை முன் வைத்தார். நாட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் ஜனங்கள் நம்பும் அரசாங்கம் வேண்டும். அதற்குக் காங்கிரசும் முஸ்லிம் லீகும் உடன்பாட்டுக்கு வர வேண்டும் என்பதே அந்த வாதம்.

ஏப்ரல் 23-ந் தேதி சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சி அவர் தலைமையில் கூடி இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்று உடன்பாடு காண வேண்டும் என்பது ஒன்று. சென்னையில் மறுபடியும் மந்திரி சபை அமைய வேண்டும் என்பது மற்றொன்று.

காங்கிரஸ் மேலிடம் இதை ஏற்கவில்லை. அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி இந்த யோசனையைத் தள்ளிவிட்டது. ஜூலையில் ராஜாஜி காங்கிரசை விட்டே விலகினார். ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் வெடித்தபோது அவர் அதில் சேரவில்லை. இதற்காக அவரைத் திட்டியவர்கள் பலர்.

பிரிவினை பற்றி அவர் சொன்னது சரியா தப்பா என்பது தனி விவகாரம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விரல் வைத்த இடம் சரியான இடம். யுத்த காலத்தில் ஜனங்களைக் காப்பாற்றுவது பீரங்கி மட்டும் அல்ல. ஆள்பவர்கள் மீது ஜனங்கள் வைக்கும் நம்பிக்கையும்தான். "பயப்படாதே" என்று வெள்ளைக்கார சர்க்கார் சொன்னபோது, "இவர்கள் எப்போது ஓடுவார்கள்?" என்றுதான் ஜனங்கள் யோசித்தார்கள்.

திருச்செங்கோட்டுக்கு வந்த யுத்தம்

திருச்செங்கோட்டில் இருந்து கடல், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் 200 கிலோமீட்டருக்கு மேல். மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோயில். அடிவாரத்தில் ஊர். சுற்றிலும் மானாவாரிக் காடுகள். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. நாமக்கல் மாவட்டத்தில் சேர்ந்தது 1997-ல்தான்.

குண்டு விமானத்துக்கு இங்கே வேலை இல்லை. ஆனாலும் யுத்தம் இந்தப் பக்கத்துக்கும் வந்தது. எப்படி?

முதலாவது, அரிசி வழியாக. பர்மாவில் இருந்து இந்தியாவுக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வந்துகொண்டிருந்தது. ரங்கூன் வீழ்ந்ததும் அது அடியோடு நின்றது. சேலம் சீமை கம்பும் ராகியும் சோளமும் விளையும் பூமி. நெல் குறைவு. வெளியில் இருந்து வரும் அரிசி குறைந்ததும், களியும் கூழும் குடிக்கிற தானியத்தின் விலையும் சேர்ந்து ஏறியது. அரிசி கிடைக்காதவன் ராகி வாங்க வந்தால், ராகி விலை சும்மா இருக்குமா?

இரண்டாவது, விளக்கு வழியாக. அந்தக் காலத்தில் கிராமத்து வீடுகளில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அந்த எண்ணெயில் பெரும் பகுதி பர்மாவில் இருந்து வந்தது. அதுவும் நின்றது. சென்னையில் இருட்டடிப்பு உத்தரவு போட்டு விளக்கை அணைத்தார்கள். கிராமத்திலோ உத்தரவு இல்லாமலே விளக்கு அணைந்தது! பெட்ரோலும் தட்டுப்பட்டது. பஸ்ஸின் பின்னால் அடுப்பைக் கட்டி, கரிப் புகையில் வண்டி ஓட்டினார்கள்.

மூன்றாவது, தறி வழியாக. திருச்செங்கோட்டு வட்டாரம் நெசவுக்குப் பெயர் போனது. ஆலைகள் ராணுவத்துக்குத் துணி நெய்வதில் முனைந்தன. கைத்தறிக்காரர்களுக்கு நூல் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. 1943 ஜூனில் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. கட்டுப்பாடு வந்ததும் கள்ள மார்க்கெட்டும் கூடவே வந்தது. நூல் இல்லாத நாளில் நெசவாளி வீட்டில் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும்.

1943 செப்டம்பரில் சென்னையில் ரேஷன் வந்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. யுத்தம் 1945-ல் முடிந்த பிறகும் ரேஷன் வரிசை முடியவில்லை. பல ஆண்டுகள் நீண்டது.

குண்டுக்குப் பயந்து உள்நாட்டுக்கு ஓடி வந்தவர்கள், சில மாதத்தில் திரும்பிவிட்டார்கள். ஆனால் அரிசிக்கும் எண்ணெய்க்கும் நூலுக்கும் வந்த பஞ்சத்தில் இருந்து ஓடுவதற்கு ஓர் ஊரும் இல்லை.

வங்காளத்தில் பயம் செய்த கொலை

இதைவிடப் பயங்கரமான உதாரணம் வங்காளம்.

ஜப்பானியர் கடற்கரையில் இறங்கினால் அவர்களுக்கு அரிசியும் கிடைக்கக்கூடாது, படகும் கிடைக்கக்கூடாது என்று 1942-ல் சர்க்கார் முடிவு செய்தது. கடலோர மாவட்டங்களில் உபரி அரிசியை எடுத்துக்கொண்டது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளைப் பறித்தார்கள், பலவற்றை உடைத்தார்கள்.

வங்காளத்தில் படகுதான் வண்டி, படகுதான் வலை, படகுதான் சந்தைக்கு வழி. அது போனதும் மீனவர்களும் சிறு வியாபாரிகளும் பிழைப்பு இழந்தார்கள். பர்மா அரிசியும் இல்லை. புயல் வேறு அடித்தது. வியாபாரிகள் பதுக்கினார்கள். விலை விண்ணை முட்டியது. 1943-ல் வந்த பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள்.

ஜப்பானியர் வங்காளக் கரையில் இறங்கவே இல்லை. வராத பகைவனுக்காகப் பறித்த அரிசி, இருந்த குழந்தையின் வாய்க்கு இல்லாமல் போயிற்று.

பீதி என்றால் ஜனங்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்கக்கூடாது. ஆட்சியில் இருப்பவர்களுக்கும் பீதி வரும். ஜனங்களின் பீதியில் ரயிலில் நெரிசல் ஏற்படும். ஆட்சியின் பீதியில் ஊரே பட்டினி கிடக்கும்.

தேஜ்பூர் செய்த அதே தவறு

சுதந்திரம் வந்த பிறகும் இந்தப் பாடம் மறந்துபோனது உண்டு.

1962 அக்டோபர் 20-ந் தேதி சீனப் படைகள் இந்திய எல்லையைத் தாண்டித் தாக்கின. நவம்பரில் பொம்டிலா வீழ்ந்ததும், அஸ்ஸாமில் உள்ள தேஜ்பூர் நகரம் நடுங்கியது. அதிகாரிகள் கிளம்பினார்கள். சீனர் கையில் சிக்கக்கூடாது என்று பாங்கியில் இருந்த ரூபாய் நோட்டுகளை எரித்தார்கள். மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களைக்கூட வெளியே விட்டுவிட்டார்கள். ஊர் காலியானது. சீனர்களோ தேஜ்பூருக்கு வரவில்லை. நவம்பர் 21-ந் தேதி தாங்களாகவே சண்டையை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

சென்னையில் 1942-ல் நடந்ததற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? முதலில் நகர்ந்தது ஆபீஸ். பிறகு நகர்ந்தது ஊர்.

அதே யுத்தத்தில் வேறொரு காட்சியும் உண்டு. தேசப் பாதுகாப்பு நிதிக்கு நாடெங்கும் ஜனங்கள் வாரிக் கொடுத்தார்கள். பெண்கள் கையில் இருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். 1940-ல் நோட்டைக் கொடுத்து வெள்ளியை வாங்கிப் புதைத்த அதே நாடுதான் இது! அரசாங்கம் தங்களுடையது என்ற எண்ணம் வந்ததும், புதைத்த கை கொடுக்கும் கை ஆயிற்று.

ஆனால் அதன் பிறகு, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று உத்தரவு. ஊர் ஊராகப் பொற்கொல்லர்கள் பிழைப்பு இழந்தார்கள். யுத்தம் ஒரு மாதத்தில் முடிந்தது. தட்டார் வீட்டுத் துன்பம் முடிய வெகு காலம் ஆயிற்று.

1965-ல் பாகிஸ்தானுடன் சண்டை வந்தபோதும் பெரிய கவலை உணவுதான். வாரம் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டார். ஜனங்கள் செய்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. நெல்லைக் கொள்முதல் செய்து, கிடங்கில் சேர்த்து, கடைக்கு அனுப்பும் ஏற்பாடு அப்படித்தான் வளர்ந்தது.

இன்று எதைக் கண்டு பயப்பட வேண்டும்?

1942-க்கும் இன்றைக்கும் பெரிய வேற்றுமை இருக்கிறது. இன்று நாட்டில் விளையும் அரிசியே மிச்சம் ஆகி வெளிநாட்டுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் ரேஷன் கடை இல்லாத வட்டாரம் இல்லை. 2011-ம் ஆண்டு முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசி இலவசமாகக் கிடைத்து வருகிறது. ஒரு சண்டை மூண்டதும் சோற்றுக்கு ஆபத்து வரும் நிலை இப்போது இல்லை.

அதனால் யுத்தம் உள்நாட்டு ஊர்களைத் தொடாது என்று சொல்ல முடியுமா? முடியாது. வழிதான் மாறியிருக்கிறது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷியா படையெடுத்தது. அது எங்கோ ஐரோப்பாவில். ஆனால் இந்தியாவில் சூரியகாந்தி எண்ணெய் விலை கிடுகிடு என்று ஏறியது. இறக்குமதியில் பெரும் பகுதி அந்த நாட்டில் இருந்து வந்ததுதான் காரணம். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இந்தியா வெளிநாட்டில் இருந்தே வாங்குகிறது.

திருச்செங்கோடு இன்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர் பெற்ற ஊர். அந்த வண்டிகள் பல மாநிலங்களுக்குப் போய் வேலை செய்கின்றன. லாரித் தொழிலும் விசைத்தறியும் இந்தப் பக்கத்தில் ஏராளம். ரிக் ஓடுவதும் லாரி ஓடுவதும் டீசலால். ஆகவே அரபிக் கடலுக்கு அப்பால் ஒரு எண்ணெய்க் கப்பல் நின்றால், கொங்கு நாட்டில் ஒரு வண்டியும் நிற்கக்கூடும். 1942-ல் தறி நின்றது போல!

வதந்தியும் அன்றைக்கு இருந்ததைப் போல இல்லை. அன்று ரங்கூன் செய்தி கப்பலில் வர நாள்கணக்கு ஆகும். பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. உண்மை வெளிவராத இடத்தில் வதந்தி வளர்ந்தது. இன்றோ செய்திக்குப் பஞ்சம் இல்லை. பொய்யும் மெய்யும் ஒரே செல்போனில், ஒரே நிமிஷத்தில் வருகின்றன. 2025 மே மாதம் பழைய சண்டைப் படங்களும், வீடியோ விளையாட்டுக் காட்சிகளும்கூட உண்மைச் சண்டை என்று சொல்லிப் பரப்பப்பட்டன.

குடும்பங்கள் செய்யக்கூடியது என்ன?

பயப்படவே கூடாது என்று சொல்வது எளிது. ரங்கூனில் குண்டு விழுந்தது உண்மைதானே? எச்சரிக்கையாக இருப்பது தப்பு இல்லை. விளக்கை அணைக்கச் சொன்னால் அணைக்க வேண்டும். ஒத்திகை நடந்தால் கலந்துகொள்ள வேண்டும். முதியவர்களுக்கு வேண்டிய மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஆறு மாத அரிசியை ஒரே நாளில் வாங்கினால், அது எச்சரிக்கை அல்ல. அடுத்து வரும் கூலிக்காரக் குடும்பத்தின் ஒரு வேளைச் சோறு அந்த மூட்டைக்குள் போய்விடும். கடைக்காரர் விலையைக் கூட்ட அதுவே காரணம் ஆகும். 1940-ல் வெள்ளிக்கு நடந்தது அது. 1943-ல் அரிசிக்கு நடந்ததும் அதுதான்.

காதில் விழுந்ததை உடனே பத்துப் பேருக்கு அனுப்பும் பழக்கத்தையும் விட வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்ன சொல்கிறது, வானொலியும் பத்திரிகையும் என்ன சொல்கின்றன என்று பார்த்த பிறகு நம்பினால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஆள்பவர்களுக்கும் கடமை உண்டு. உண்மையை மறைக்காமல், காலத்தில் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் இருப்பு குறையாமல் பார்க்க வேண்டும். பதுக்குபவர்களைப் பிடிக்க வேண்டும். ஊரைவிட்டுப் போகச் சொல்லும் நிலை வந்தால், வண்டிக்குக் காசு இல்லாதவனை முதலில் ஏற்ற வேண்டும். அதிகாரிகள் கடைசியாகத்தான் கிளம்ப வேண்டும்.

1942-ல் சென்னை ஜனங்கள் வானத்தைப் பார்த்துப் பயந்தார்கள். ஆபத்து வந்தது அரிசிப் பானைக்கு. வானத்தில் வரும் ஆபத்தைப் பார்த்துக்கொள்ளப் படை இருக்கிறது. பானைக்கு வரும் ஆபத்தைத் தடுப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. பதுக்காமல், வதந்தி பரப்பாமல் இருந்து அதற்குத் துணை நிற்பது ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பு.